மாற்றுச் சிறுநீரகமும் யூரிக் அமிலமும்: எண்ணுக்கா வைத்தியம், வலிக்கா?

சிறுநீரக மாற்று அறுவை முடிந்து மூன்று நான்கு மாதம் ஆனவரின் ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்லோர் கண்ணும் முதலில் தேடுவது கிரியேட்டினினை. அது 1.3, 1.4 என்று நின்றுவிட்டால் வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். அதே தாளில் சில வரிகள் கீழே, யூரிக் அமிலம் 8-ஐத் தாண்டி, பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்று அச்சாகியிருக்கும். அன்றிலிருந்து சாம்பாரில் பருப்பு குறைகிறது, கீரை நிற்கிறது, தெரிந்தவர் சொன்ன மாத்திரை ஒன்று மருந்துக்கடையிலிருந்து வீட்டுக்கு வருகிறது. இவற்றில் முதல் இரண்டும் பெரும்பாலும் வீண் வேலை. மூன்றாவதோ சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏன் என்று சொல்வதற்கு, இந்த யூரிக் அமிலம் எங்கிருந்து ஏறுகிறது, ஏறினால் புதிய சிறுநீரகத்துக்குக் கேடா, குறைத்தால் நன்மையா என்ற கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

நம் உடலின் செல்களிலும் உண்ணும் உணவிலும் உள்ள பியூரின் என்ற பொருள் சிதையும்போது கடைசியில் மிஞ்சுவது யூரிக் அமிலம். பெரும்பாலான பாலூட்டிகளிடம் இதை மேலும் உடைத்துக் கரைக்கும் யூரிகேஸ் என்னும் நொதி இருக்கிறது. மனிதனும் வாலில்லாக் குரங்குகளும் பரிணாமத்தில் அந்த நொதியை இழந்துவிட்டோம். ஆகவே நமக்குச் சேரும் யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும்தான் வெளியேற்றியாக வேண்டும். சிறுநீரகமும் அவ்வளவு தாராளமாக வெளியேற்றுவதில்லை. வடிகட்டியதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைத் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. இந்த உறிஞ்சலின் முக்கிய வாயிலான ‘யூராட்-1’ என்ற புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல் அடையாளம் கண்டார்கள். 100 மில்லி ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராம் வரைதான் யூரிக் அமில உப்பு கரைந்து நிற்கும். அதைத் தாண்டினால், நாளடைவில் மூட்டுகளில் ஊசிபோன்ற படிகங்களாகப் படியலாம். அப்படிப் படிந்து மூட்டு வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலும் தாங்காத அளவு வலிக்கும் நோய்தான் கவுட். அளவு ஏறிய எல்லோருக்கும் கவுட் வருவதில்லை. பலருக்கு ஆயுள் முழுக்க வராமலே போகும்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரிடம் வேலை செய்வது ஒரே சிறுநீரகம். எவ்வளவு நன்றாக இயங்கினாலும் அதன் வடிகட்டும் திறன் இளம் வயதில் இரண்டு சிறுநீரகங்களோடு இருப்பவரின் அளவை எட்டுவது அரிது. பாதிக்கும் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே மருத்துவர்கள் திருப்தி அடைவார்கள். யூரிக் அமிலம் தங்க இந்தக் குறையே முதல் காரணம். அதன்மேல் ஏறி உட்காருகின்றன மருந்துகள்.

அவற்றுள் முதன்மையானது சைக்ளோஸ்போரின். நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியிலிருந்து எடுத்துவந்த மண்ணில் வாழ்ந்த பூஞ்சையிலிருந்து, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்த சாண்டோஸ் நிறுவன ஆய்வகத்தில் அது பிரிக்கப்பட்டது. அதன் எதிர்ப்பாற்றல் அடக்கும் குணத்தை 1970-களில் நிறுவியதில் ழான் பொரேலின் பெயர் முன்னிற்கிறது. கேம்பிரிட்ஜில் ராய் கான் 1978-இல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அமெரிக்கா 1983-இல் ஒப்புதல் தந்தது. அதுவரை இறந்தவர்களிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில் பாதி ஓராண்டுக்குள் செயலிழந்துகொண்டிருந்தன. சைக்ளோஸ்போரின் வந்த பிறகு பத்தில் எட்டு ஓராண்டைத் தாண்டின. இவ்வளவு பெரிய நன்மை தந்த மருந்தின் மறுபக்கத்தை 1989-இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ வெளியிட்ட ஆய்வு காட்டியது. சைக்ளோஸ்போரின் எடுத்தவர்களில் 84 சதவீதத்தினருக்கு யூரிக் அமிலம் ஏறியிருந்தது. பழைய மருந்தான அசாதயோப்ரின் எடுத்தவர்களில் அது 30 சதவீதம்தான். சைக்ளோஸ்போரின் குழுவில் 7 சதவீதத்தினருக்குக் கவுட்டே வந்திருந்தது. மற்றக் குழுவில் ஒருவருக்கும் வரவில்லை.

சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயை சைக்ளோஸ்போரின் சுருக்குகிறது. ரத்தம் குறைவாகப் போகிறது, வடிகட்டல் குறைகிறது. சிறுநீரக நுண்குழலோ உப்பையும் நீரையும் இறுகப் பிடித்து உறிஞ்சுகிறது, யூரிக் அமிலமும் சேர்ந்தே ரத்தத்துக்குத் திரும்புகிறது. இதே மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், கால் வீக்கத்தையும் தரும். அதற்காக நீர் பிரியும் மாத்திரை எழுதப்படுகிறது. தயசைடு, பியூரோசிமைடு வகை மாத்திரைகள் தாமே யூரிக் அமிலத்தைக் கூட்டுபவை. இப்படி ஒரு மருந்தின் விளைவைச் சரிசெய்ய வந்த இன்னொன்று எண்ணை மேலும் ஏற்றிவிடுவது இந்த நோயாளிகளிடம் மிகச் சாதாரணம். ஆகவே அளவு ஏறியதும் புதிதாக மாத்திரை சேர்ப்பதைவிட, ஏற்கெனவே எடுப்பதில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பதே முதல் வைத்தியம் என்பது என் கருத்து.

இன்று பெரும்பாலோர் எடுப்பது சைக்ளோஸ்போரின் அல்ல, டாக்ரோலிமஸ். ஜப்பானின் சுகுபா மண்ணில் 1984-இல் கிடைத்த நுண்ணுயிரியின் கொடை அது. சைக்ளோஸ்போரினும் இதுவும் ஒரே வழியில் வேலை செய்பவை என்பதால் டாக்ரோலிமஸிலும் யூரிக் அமிலம் ஏறத்தான் செய்கிறது. சற்றுக் குறைவு என்று சில ஆய்வுகளும், பெரிய வித்தியாசமில்லை என்று வேறு சிலவும் சொல்கின்றன. கவுட் விஷயத்தில் மட்டும் டாக்ரோலிமஸின் பக்கம் சாய்வு தெரிகிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் வேறு மருந்துகளான சிரோலிமஸ், பெலடாசெப்ட் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு. மைகோபீனோலேட் யூரிக் அமிலத்தைப் பொருட்படுத்தும்படி ஏற்றுவதில்லை. கிழக்காசியாவில் வழங்கும் மிசோரிபின் ஏற்றும். ஆனால் யூரிக் அமிலம் ஏறியது என்பதற்காக மட்டும் டாக்ரோலிமஸைக் குறைக்கவோ மாற்றவோ கூடாது. உடல் புதிய உறுப்பை நிராகரிக்கத் தொடங்கினால் அந்த இழப்புக்கு முன் கவுட் ஒன்றுமே இல்லை.

நம் ஊரில் இன்னொரு காரணத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். இந்தியாவில் உயிரோடிருப்பவர் தந்த சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்திய முதல் மருத்துவமனை வேலூர் சி.எம்.சி.; ஆண்டு 1971. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களை நீண்ட காலம் கண்காணித்து அங்குள்ளவர்கள் வெளியிட்ட கணக்கில் 100-க்கு சுமார் 13 பேருக்குக் காசநோய் வந்திருந்தது. காசநோய்க்கான கூட்டு மருந்தில் பைரசினமைடு உண்டு. யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுப்பதில் அதற்கு இணையான மருந்து குறைவு. எத்தாம்பியூட்டாலும் ஓரளவு தடுக்கும். மேலை நாட்டுப் பாடநூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். நம் நோயாளிக்கோ மாற்று அறுவை முடிந்து, காசநோயும் வந்து, எண் 10-ஐத் தொடும் நிலை அபூர்வமல்ல. அங்கே மருந்துப் பட்டியலைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். பைரசினமைடு நின்றதும் அளவு தானாக இறங்கும்.

எத்தனை பேருக்குக் கவுட் வருகிறது? அமெரிக்காவின் தேசிய சிறுநீரக நோயாளர் பதிவேட்டை வைத்து 2005-இல் வெளியான ஆய்வு, மாற்று அறுவைக்குப் பின் மூன்றாண்டுகளில் 7.6 சதவீதத்தினருக்குப் புதிதாகக் கவுட் வந்ததாகச் சொல்கிறது. கால் பெருவிரலோடு நிற்காமல் பல மூட்டுகளில் ஒரே சமயம் வருவதும், தோலடியில் சுண்ணாம்புக் கட்டிபோல் படிவது சீக்கிரமே தொடங்குவதும் இவர்களிடம் கூடுதல். வழக்கமாக எடுக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் சிவப்பையும் வீக்கத்தையும் மூடிமறைத்து, நோயைக் கவுட்போலவே தெரியாமல் செய்வதும் உண்டு. இவர்களின் எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டிருப்பதால், வீங்கிய மூட்டில் இருப்பது படிகமா கிருமியா என்று பார்வையால் தீர்மானிக்க முடியாது. ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே சரியான வழி. யூரிக் அமிலம் அதிகம் என்பதாலேயே கவுட் என்று முடிவுகட்டி, சீழ் பிடித்த மூட்டைக் கோட்டைவிட்டால் நோயாளி மூட்டையும் இழக்கலாம், உயிரையும் இழக்கலாம்.

இனி ஆய்வாளர்களைப் பல ஆண்டுகள் பிரித்துவைத்த கேள்வி: கவுட் இல்லாமல் வெறும் எண் மட்டும் ஏறியிருந்தால், அது புதிய சிறுநீரகத்தைக் கெடுக்குமா?

கெடுக்கும் என்றவர்களிடம் வலுவான சான்று இருந்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜான்சன் குழுவினர் எலிகளின் யூரிகேஸ் நொதியை முடக்கி யூரிக் அமிலத்தை ஏற்றிப் பார்த்தார்கள். எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரக நுண்குழாய்கள் தடித்தன. சைக்ளோஸ்போரினோடு யூரிக் அமிலமும் ஏறிய எலிகளின் சிறுநீரகச் சேதம், சைக்ளோஸ்போரின் மட்டும் தந்தவற்றைவிட மோசமாக இருந்தது. மனிதர்களைக் கவனித்த பல ஆய்வுகளும் யூரிக் அமிலம் கூடியவர்களிடம் மாற்றுச் சிறுநீரகம் சீக்கிரம் தளர்வதாகக் காட்டின. அவற்றைத் தொகுத்த ஆய்வுகளும் அப்படியே சொல்லின.

இதில் உள்ள ஓட்டை பெரியது. சிறுநீரகம் தளர்ந்தால் யூரிக் அமிலம் ஏறும். ஏறிய அமிலம்தான் சிறுநீரகத்தைத் தளர்த்தியது என்று எப்படிச் சொல்வது? புகையைப் பார்த்துவிட்டு, இதுதான் அடுப்பை மூட்டியது என்பதுபோல் ஆகிவிடும். 1,645 நோயாளிகளைக் கொண்ட ‘சிம்பொனி’ ஆய்வு, குறைந்த அளவு டாக்ரோலிமஸே சிறந்தது என்று 2007-இல் நிறுவி, உலகெங்கும் மருந்து கொடுக்கும் முறையை மாற்றியது. அதன் தரவுகளையே எடுத்து, தொடக்கத்தில் சிறுநீரகம் எவ்வளவு நன்றாக இயங்கியது என்பதைக் கணக்கில் சேர்த்து, 2009-இல் மறுபடி ஆராய்ந்தார்கள். யூரிக் அமிலத்துக்கென்று தனியான தீங்கு எதுவும் தெரியவில்லை.

குறைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பதால், மாற்று அறுவை செய்யாத சிறுநீரக நோயாளிகளிடம் இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. இரண்டின் முடிவும் 2020-இல் வந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 369 பேரைக் கொண்ட ‘சி.கே.டி.-ஃபிக்ஸ்’ சோதனையில் அலோபுரினால் பெற்றவர்களின் யூரிக் அமிலம் 8.2-இலிருந்து 5 அளவுக்கு இறங்கியது. ஆனால் இரண்டாண்டு முடிவில் சிறுநீரகத் தேய்மானம் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு இருந்த அதே வேகத்தில்தான் இருந்தது. நீரிழிவு நோயாளிகள் 530 பேரிடம் மூன்றாண்டுகள் நடந்த ‘பெர்ல்’ சோதனையும் அதையே சொன்னது. சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டுக் குழுவான ‘கேடிகோ’ 2024-இல் தந்த அறிவுரை இதன் விளைவு: கவுட் இருந்தால் யூரிக் அமிலத்தைக் குறையுங்கள், அறிகுறியே இல்லாதவரிடம் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்கென்று குறைக்க வேண்டாம்.

மாற்றுச் சிறுநீரகத்தில் இதே அளவில், இதே கறாரோடு நடந்த சோதனை இல்லை. எலிகளிடம் கண்டதை ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனாலும் வலியில்லாத எண்ணுக்காக வாழ்நாள் முழுவதும் மாத்திரை கொடுக்க வேண்டுமென்றால், கொடுப்பவர்தான் நன்மையை நிரூபிக்க வேண்டும். இந்த நோயாளிகளிடம் அந்த மாத்திரையின் விலை பணத்தில் மட்டும் இல்லை என்பது என்னை இந்தப் பக்கம் நிறுத்துகிறது.

அந்த விலை என்ன என்பதை அறிய அமெரிக்காவின் பரோஸ் வெல்கம் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் அங்கே 1950-களின் தொடக்கத்தில் ரத்தப் புற்றுநோய்க்காக 6-மெர்காப்டோபியூரினை உருவாக்கினார்கள். பாஸ்டனில் ஸ்வார்ட்ஸும் டாமஷெக்கும் 1959-இல் அது முயல்களின் எதிர்ப்பாற்றலை அடக்குவதைக் கண்டார்கள். ராய் கான் அதை நாய்களின் மாற்றுச் சிறுநீரகத்தில் பயன்படுத்தினார். அதன் மேம்பட்ட வடிவமாக எலியன் குழு தந்ததே அசாதயோப்ரின். பாஸ்டனில் ஜோசப் மர்ரே 1962-இல் அதைக்கொண்டுதான், ரத்த உறவில்லாத, இறந்த ஒருவரின் சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்தினார். இன்னொரு பக்கம், மெர்காப்டோபியூரினை உடல் மிக வேகமாகச் சிதைத்துவிடுவது எலியனுக்குக் குறையாகத் தெரிந்தது. அதைச் சிதைக்கும் நொதி சாந்தைன் ஆக்சிடேஸ். அந்த நொதியைத் தடுத்து மருந்தின் வீரியத்தைக் கூட்ட அவர்கள் செய்த பொருள்தான் அலோபுரினால். யூரிக் அமிலத்தை உண்டாக்குவதும் அதே நொதி என்பதால், அலோபுரினால் கொடுத்தவர்களுக்கு யூரிக் அமிலம் சரிந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் வேய்ன் ரன்டில்ஸ் அதைக் கவுட்டுக்குப் பயன்படுத்தினார். 1966-இல் அது மருந்தாக வெளிவந்தது. எலியனும் ஹிட்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆக, அலோபுரினால் பிறந்ததே மெர்காப்டோபியூரின் குடும்பத்தின் வீரியத்தைப் பெருக்குவதற்காக. இன்று அசாதயோப்ரின் எடுக்கும் நோயாளிக்கு வழக்கமான அளவில் அலோபுரினாலும் சேர்ந்தால் நடப்பதும் அதுவே. சிதையாமல் தேங்கும் மருந்து எலும்பு மஜ்ஜையை நசுக்குகிறது. சில வாரங்களில் வெள்ளணுக்கள் சரிகின்றன, தட்டணுக்களும் சிவப்பணுக்களும் பின்தொடர்கின்றன. எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே அடங்கிய உடலில் சாதாரணக் கிருமியும் உயிரைக் குடிக்கும். வேறு வழியில்லாமல் இரண்டையும் சேர்த்துத் தர வேண்டியிருந்தால் அசாதயோப்ரினை மூன்றில் ஒரு பங்குக்கோ கால் பங்குக்கோ குறைத்து, ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். அசாதயோப்ரினை விட்டு மைகோபீனோலேட்டுக்கு மாறுவது இன்னும் பாதுகாப்பு. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் ஃபெபுக்சோஸ்டாட் புதிய மருந்து என்பதால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் அதே நொதியைத்தான் தடுக்கிறது. அசாதயோப்ரினோடு அதைச் சேர்க்கவே கூடாது.

‘இந்தக் காலத்தில் யார் அசாதயோப்ரின் எடுக்கிறார்கள்?’ என்று கேட்கலாம். விலை குறைவு என்பதால் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் மாற்று அறுவை செய்து அதிலேயே நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தை பெற விரும்பும் இளம் பெண்கள் இருக்கிறார்கள். மைகோபீனோலேட் கருவைக் குலைக்கும், ஊனப்படுத்தும் என்பதால் கருத்தரிப்பதற்கு முன்பே அவர்களை அசாதயோப்ரினுக்கு மாற்றுவதுதான் முறை. இமுரானும் (அசாதயோப்ரின்) ஸைலோரிக்கும் (அலோபுரினால்) ஒரே மருந்துச் சீட்டில் வந்தால் தடுத்துக் கேட்க வேண்டிய கடைசி ஆள் மருந்துக்கடைக்காரர். அந்த ஒரு கேள்விக்காகவாவது மருந்தாளுநர் கடையில் இருக்க வேண்டும்.

கவுட் வலி வந்த இரவில் கைக்கு எட்டுவது வேறு இரண்டு. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் ஏற்கெனவே சுருக்கிவைத்த ரத்த ஓட்டத்தை மேலும் சுருக்கும். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர் அவற்றைத் தொடவே கூடாது. கோல்சிசின் பழைய, நல்ல மருந்துதான். ஆனால் அதை உடலிலிருந்து வெளியேற்றும் வழிகளை சைக்ளோஸ்போரின் அடைத்துவிடுகிறது. தசை பலவீனம், நரம்புத் தளர்ச்சி, சில சமயம் தசையே சிதைந்து சிறுநீரகத்தை அடைப்பது என்று போகும். கொழுப்புக்கான ஸ்டாடின் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். சைக்ளோஸ்போரின் எடுப்பவருக்குக் கோல்சிசின் ஒரே ஒரு மாத்திரை, மூன்று நாளுக்கு மறுபடி இல்லை என்பது அமெரிக்க மருந்துக் குறிப்பின் எச்சரிக்கை. நம் நாட்டில் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் செலவைக் குறைக்க டில்டியசெமைச் சேர்த்துத் தரும் பழக்கம் இருக்கிறது. அதுவும் கோல்சிசினைத் தேக்கும். இவர்களுக்குப் பாதுகாப்பான வழி, மருத்துவர் சொல்படி சில நாள் பிரெட்னிசோலோனைக் கூட்டிக் குறைப்பது.

கவுட் உறுதியாகி, திரும்பத் திரும்ப வந்தாலோ, கட்டிகள் படிந்தாலோ, யூரிக் அமிலத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. அசாதயோப்ரின் இல்லாதவருக்கு அலோபுரினாலே இன்றும் முதல் தேர்வு. 50 அல்லது 100 மில்லிகிராமில் தொடங்கி, அளவு 6-க்குக் கீழே வரும்வரை மெல்ல ஏற்ற வேண்டும். தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி கூடுவது இயல்பு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. தோலில் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் மட்டும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஃபெபுக்சோஸ்டாட் மேல் 2018-இல் இதய மரண அச்சம் எழுந்தது. 2020-இல் ஐரோப்பியச் சோதனையொன்று அதை உறுதிப்படுத்தவில்லை. இதய நோய் உள்ளவரிடம் எச்சரிக்கை என்ற அளவில் அது நிற்கிறது. ரத்த அழுத்தத்துக்கு எப்படியும் மாத்திரை வேண்டும் என்னும்போது, யூரிக் அமிலத்தைச் சிறிது வெளியேற்றும் லோசார்டானையோ, சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களிடம் அதைச் சற்றுக் குறைக்கும் அம்லோடிபினையோ தேர்ந்தால் கூடுதல் மாத்திரை இல்லாமலே பலன் உண்டு. நீரிழிவுக்கு வந்த எஸ்.ஜி.எல்.டி.-2 தடுப்பு மருந்துகளும் இப்படியே உதவுகின்றன.

உணவைப் பற்றி நம் வீடுகளில் அளவுக்கு மீறிய பயம் இருக்கிறது. ஈரல், குடல், மத்தி, நெத்திலி, பீர், சர்க்கரை கரைத்த குளிர்பானம் இவற்றைக் குறைப்பது சரி. பருப்பையும் கீரையையும் காலிஃபிளவரையும் விலக்குவதற்குச் சான்று இல்லை. அமெரிக்க ஆண் மருத்துவப் பணியாளர்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-இல் வெளியான பெரிய ஆய்வு, பியூரின் கூடிய காய்கறிகள் கவுட்டைக் கூட்டவில்லை என்றும், பால், தயிர் சாப்பிடுபவர்களிடம் அது குறைவு என்றும் கண்டது. பிரெட்னிசோலோன் தசையைத் தின்றுகொண்டிருக்கும் உடலில் பருப்பையும் நிறுத்துவது நோயாளியைப் பட்டினி போடுவதற்குச் சமம். பம்பளிமாஸ் பழம் பற்றி மட்டும் கவனம் வேண்டும். அது டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கவுட்டுக்கென்று விற்கும் நாட்டு மருந்துகளில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாதபோது அவற்றையும் விட்டுவிடுவதே நல்லது.

மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரையும் எழுதி எப்போதும் கையில் வைத்திருங்கள். யூரிக் அமிலத்துக்கென்று யார் எந்த மாத்திரை எழுதித் தந்தாலும், அந்தப் பட்டியலில் அசாதயோப்ரின் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், உங்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் முதல் மாத்திரையைக்கூட விழுங்காதீர்கள்.